மூடியின் உள்பக்கம்

போன வாரம் எங்கள் வீட்டு மிக்ஸி நின்றுபோனது. சமாதானபுரத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றினார். மூடியின் உள்பக்கத்தில் நீல மையில் என்னவோ எழுதியிருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து வாசித்தார்.

‘திறந்து பார்த்தேன். கார்பன் தேய்ந்திருக்கிறது. மாற்றினேன். மூடிவிட்டேன்.’

“இது யாரு சார் எழுதுனது?”

“பக்கத்து வீட்டு அண்ணாச்சி.”

“மெக்கானிக்கா?”

“இல்ல. எடை மேடையில வேல பாத்தாரு.”

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் தெம்பில்லை. அண்ணாச்சி போய் ஏழு மாதம் ஆகிறது. மிக்ஸியை அங்கேயே விட்டுவிட்டு நான் பாட்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வரிசையில் பதினாறு வீடுகள். பதினாறு வீட்டு மிக்ஸியிலும் மின்விசிறியிலும் இஸ்திரிப் பெட்டியிலும் அவர் கையெழுத்து இருக்கும். யாரும் கேட்டு அவர் திறப்பதில்லை. வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கும்போதே கண் சுவர்க் கடிகாரத்தின் மேல் போகும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் கைப்பிடி வைத்த குட்டி ஸ்க்ரூ டிரைவர் ஒன்று எப்போதும் உண்டு. தபால் ஆபீசில் யாராவது பேனா இரவல் கேட்டால் அவசரத்தில் அதை எடுத்து நீட்டிவிடுவார். ஒரு கல்யாண வீட்டில், மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் பரிசாக வந்திருந்த சுவர்க் கடிகாரத்தை அவர் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்துப் பெண்ணின் தகப்பனார் ஆடிப்போய்விட்டார்.

“நல்லா ஓடுத கடிகாரத்த எதுக்கு அண்ணாச்சி தொறந்தீக?”

“நல்லா ஓடுதுன்னு எப்படித் தெரியும்? தொறந்து பாத்தாத்தானே தெரியும்” என்றார் அண்ணாச்சி, சங்கடமே இல்லாமல்.

சரி செய்ய முடியாததையும் அவர் எழுதாமல் விடமாட்டார். எங்கள் பழைய டிவியின் பின்மூடிக்குள் இப்படி எழுதி வைத்தார்: ‘திறந்து பார்த்தேன். பேனல் போய்விட்டது. என் கையில் இல்லை. மூடிவிட்டேன்.’ அந்த டிவியை எடைக்குப் போட என் மனைவிக்கு மனசு வரவில்லை. அது இன்னும் பரணில் கிடக்கிறது.

அவர் திறக்காத சாமான் உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. நாங்குநேரி ரோட்டில் ஒரு தனியார் எடை மேடையில் அவருக்கு இருபத்தாறு வருடமாக வேலை. களக்காட்டு வாழைத்தார் லாரியும், கூடங்குளம் பக்கம் போகிற ஜல்லி லாரியும் வரிசையாக ஏறி இறங்கும். லாரி ஏறியதும் எடை காட்டும் பெட்டியில் சிவப்பு எண் விழும். அதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அந்தப் பெட்டிக்கு அரசாங்க முத்திரை. உடைத்தால் வழக்கு.

“என் முன்னாலயே உக்காந்து நம்பரு சொல்லுது. உள்ள என்ன செய்யுதுன்னு கேட்டா சீல் வச்சிருக்கு. இத எப்படி வே நம்புறது?” என்று என்னிடம் புலம்புவார். எடை கூடிவிட்டது என்று டிரைவர்கள் சண்டைக்கு வந்தால், “எனக்கும் தெரியாது தம்பி, நானும் தொறந்து பாத்ததில்ல” என்று அவர்கள் கட்சியில் சேர்ந்துகொள்வார். முதலாளியிடம் அதற்குப் பல தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வாழ்நாளெல்லாம் லாரிகளோடு இருந்தவர் ஒரு லாரியைக்கூட ஓட்டியதில்லை. பிறவியிலேயே இடது கண் மங்கல். லைசென்ஸ் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது அவர் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டர். மகன் கனடாவுக்கு வேலைக்குப் போகும் முன்னால் விளையாட்டுக்கென்றே பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெட்டி அது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே விசிறிகள் கலர் கலராகச் சுற்றும். மேசையில் மாட்டுகிற ஸ்டீயரிங், காலடியில் பெடல் எல்லாம் உண்டு. வெளியிலிருந்தே குடல் தெரிகிற பெட்டி என்பதால் அண்ணாச்சிக்கு அதன் மேல் தனி மரியாதை. சாயங்காலம் வேலை விட்டு வந்து குளித்து, திருநீறு பூசி, ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். எங்கேயோ பனி பெய்கிற ஊரில் மரம் ஏற்றிக்கொண்டு பைய லாரி ஓட்டுவார். அந்த விளையாட்டில் சாலையோரத்தில் எடை மேடை வந்தால், யாரும் கூப்பிடாவிட்டாலும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் போவார்.

ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டார். மதினி, அதாவது அவர் மனைவி, அதற்குள் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

“ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. காலையில இருந்து அந்தப் பெட்டி முன்னாலயே உம்முன்னு உக்காந்திருக்காக.”

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் எனக்கு வேலை. அந்த ஒரு தகுதியால் எங்கள் வரிசையில் கம்ப்யூட்டருக்கு நான்தான் டாக்டர். போய்ப் பார்த்தேன். பழைய விண்டோஸுக்கு இனி பராமரிப்பு கிடையாது, புதியதைப் போட இந்தக் கம்ப்யூட்டர் தகுதி பெறவில்லை என்று திரையில் அறிவிப்பு நின்றது.

“என்ன தகுதி இல்லன்னு கேட்டேன். பதில் இல்ல” என்றார் அண்ணாச்சி. “நல்லாத்தான ஓடுது? உள்ள போயி என்ன ஏதுன்னு பாப்போம்னா மூடி வச்சிருக்கான்.”

“வேற ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. லினக்ஸ். அதுல எதையும் மூடி வைக்கல. எப்படி எழுதியிருக்குன்னு யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. “யாரு வேணும்னாலுமா?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பென் டிரைவோடு போனேன். முதலில் நிரந்தரமாகப் போடாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காண்பித்தேன். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் உருவிவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்றேன். மகனுடைய போட்டோக்களையும், லாரி எந்த ஊர் வரைக்கும் போயிருக்கிறது என்ற பதிவையும் தனியாக நகல் எடுத்தோம். மகன் ஆடிய துப்பாக்கி விளையாட்டு ஒன்று இதில் ஓடாது என்று சொன்னேன். போனில் மகனிடம் கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே, “அது போனாப் போகட்டும்ப்பா, நீங்க லாரிய ஓட்டுங்க” என்றான். பிறகு நிரந்தரமாகவே போட்டேன். ஸ்டீயரிங்தான் மக்கர் செய்தது. வலப்பக்கம் திருப்பினால் லாரி இடப்பக்கம் போனது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிச் சரி செய்தேன். அண்ணாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் எதைத் தட்டினாலும் அது என்ன செய்யும் என்று மட்டும் கேட்டார்.

கம்ப்யூட்டர் எழும்பும்போது ஒரு படம் வந்து நின்றது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“அந்தப் படத்துக்குப் பின்னால என்ன நடக்கு?”

நான் அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். அதன்பின் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் கறுப்புத் திரையில் வரி வரியாக எழுத்து ஓடும். இதைத் தொடங்கினேன், சரி. அதைத் தொடங்கினேன், சரி. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதை வாசிப்பார். நடுவில் ஒரு வரி மட்டும் சிவப்பாக வந்தது. இல்லாத ஏதோ ஒரு கருவியைத் தேடி, கிடைக்கவில்லை என்று அது சொன்னது. அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் வே. இருக்கட்டும்” என்றார். “முடியலங்கிறதையும் வாயத் தொறந்து சொல்லுது பாரும். மனுசனுக்கு அது வராது.”

தமிழ் தட்டச்சும் போட்டுக் கொடுத்தேன். ஒற்றை விரலால் பழகினார். பழகிய மறுநாளே தன் குணத்தைக் காட்டிவிட்டார். எந்தப் பெட்டகத்தை, அதாவது ஃபோல்டரை, திறந்து பார்த்தாலும் அதற்குள் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைத்துவிடுவார். லாரி விளையாட்டு இருந்த பெட்டகத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து நானும் மதினியும் சிரித்தோம். ‘திறந்து பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. மூடிவிட்டேன்.’

சில பெட்டகங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவரிடம் சொன்னதும் நான்தான். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் லினக்ஸில் அது மறைந்துவிடும். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் எல்லாம் தெரியும், மறுபடி அழுத்தினால் மறையும். அவர் பத்துத் தடவை அழுத்திப் பார்த்தார்.

“ஒரு புள்ளி வச்சா மறைஞ்சிருமா? பூட்டு கீட்டு ஒண்ணும் கெடயாதா?”

“பூட்டு இல்ல அண்ணாச்சி. கண்ணுல படாம இருக்கும், அவ்வளவுதான்.”

“அப்ப மறைச்சது மாதிரி ஒரு பாவனை” என்று சொல்லிச் சிரித்தார்.

அதன்பின் மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. மதினி பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். ஸ்கேன் எடுத்த மறுநாள் டாக்டர் எங்கள் இரண்டு பேரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அண்ணாச்சியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தன்னுடைய வயிற்றைப் பற்றிய பேச்சுக்குத் தான் வெளியே உட்கார வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. கதவு சாத்துகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆறு மாதம் என்றார். மதினி சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

“அவுகளுக்குத் தெரியவே கூடாது” என்று என் கையைப் பிடித்தார்கள். “தெரிஞ்சா அந்தக் கவலையிலயே போயிருவாக. எங்கப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு. உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்.”

நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நோயாளியைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கும். கதிர்வீச்சு கொடுத்தால் வெளிச்ச வைத்தியம் என்று ஒரு பெயர் வைப்போம். மாத்திரை அட்டையில் பெயரைக் கிழித்துவிட்டுக் கொடுப்போம். அதற்கு அன்பு என்று பெயர். அது அன்பில்லை என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனுசனுக்கு அது பொருந்துமா என்று ஒரு நிமிடமாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சரி மதினி என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது வழியில் இளநீர் குடிக்க நிறுத்தினோம். மதினி ஆட்டோவிலேயே இருந்தார்கள். அண்ணாச்சி இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“டாக்டரு என்ன சொன்னாரு வே?”

“குடல்ல புண்ணு அண்ணாச்சி. ஆறு மாசம் மருந்து சாப்பிட்டா ஆறிரும்.”

“ரிப்போர்ட்ட நீரு பாத்தீரா?”

“பாத்தேன்.”

“நீரே பாத்தீருன்னா சரி” என்று சொல்லிவிட்டு, இளநீரைக் குடித்து முடித்தார். அவர் இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தால் நான் உளறியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டையும் ஒரு சிடி தட்டில் பதிந்து கொடுத்திருந்தார்கள். கனடாவில் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும், உடனே அனுப்புங்கள் என்று மகன் சொன்னான். என் லேப்டாப்பில் தட்டு போடும் வாயே கிடையாது. கல்லூரி லேபில் போட்டால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பழைய விளையாட்டுத் தட்டுகளுக்காக மகன் டிரைவ் மாட்டி வைத்திருந்த கம்ப்யூட்டர் அண்ணாச்சியுடையதுதான். அவரை மதினி குளுக்கோஸ் ஏற்ற அழைத்துப் போயிருந்த ஒரு மத்தியானம், சாவியை வாங்கிக்கொண்டு போய் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். தட்டில் இருந்ததையெல்லாம் இறக்கி அனுப்பத் தொடங்கினேன். பெரிய படங்கள், முக்கால்வாசி போகும்போது கரண்டு போய்விட்டது. கரண்டு வந்து மறுபடி தொடங்கினால் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. பெட்டகத்துக்குப் ‘பழையது’ என்று பெயர் போட்டு, முன்னால் ஒரு புள்ளியை வைத்தேன். அது மறைந்துவிட்டது. தட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்தேன்.

“என்ன வே, லாரி ஓட்டுதீரா?” என்று கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்து வந்தார்.

“அப்டேட் பண்ணினேன் அண்ணாச்சி.”

இரண்டு நாள் கழித்துப் போய் மிச்சத்தை அனுப்பினேன். வேறொரு டாக்டரும் கேட்கலாம், அழிக்க வேண்டாம் என்று மகன் சொன்னதால் அப்படியே விட்டேன். புள்ளி வைத்த பெட்டகங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் நாற்பது ஐம்பது இருக்கும். அதில் ஒன்று யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்தேன். அந்த இரண்டு விசையை அவருக்குக் காட்டிக் கொடுத்தவன் நான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. இத்தனைக்கும் கம்ப்யூட்டர் படித்தவன்.

அதன்பிறகு அண்ணாச்சி மாறிப்போனார். எதையும் கேட்பதில்லை. முன்பெல்லாம் தலைவலி மாத்திரையைக்கூடப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். இப்போது மதினி அட்டையைக் கிழித்து உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பதை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தலைமுடி கொட்டியது. “மருந்துச் சூடு” என்றார்கள் மதினி. “ஆமா, சூடுதான்” என்றார். நாங்கள் அடுக்களையில் குசுகுசுவென்று பேசினால் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். பார்க்க வருகிறவர்களிடம், “குடல்ல புண்ணு, ஆறிரும்” என்று எங்களுக்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். நல்லவேளை, நம்பிவிட்டார் என்று நானும் மதினியும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டோம். அதை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஒருநாள் சாயங்காலம் மதினியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, கம்ப்யூட்டரை எப்படிப் போடுவது, மகனை எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லிக் கொடுத்தார். கறுப்புத் திரையில் எழுத்து ஓடுவதைப் பார்த்து மதினி பயந்தார்கள்.

“அது ஒண்ணுமில்ல. என்னென்ன செய்யுதுன்னு சொல்லிக்கிட்டு வருது. நடுவுல செவப்பா ஒண்ணு வரும், அதப் பாத்து பயப்படாத. எல்லாம் நடக்கும்” என்றார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி வாரம் வரைக்கும் லாரி ஓட்டினார். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தெம்பில்லாதபோது, லாரியை எடை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து மாதத்தில் போய்விட்டார். ஆத்தங்கரையில் எல்லாம் முடிந்தது. கனடாவிலிருந்து வந்த மகன் பதினாறாம் நாள் விசேஷம் முடித்துவிட்டுத் திரும்பினான்.

அவன் போய் இரண்டாம் நாள் மதினி கூப்பிட்டார்கள். வீடியோவில் மகன் முகம் தெரிகிறது, குரல் கேட்கவில்லை என்றார்கள். போய்ச் சரி செய்தேன். மதினி காப்பி போட உள்ளே போனார்கள். அந்த ஸ்கேன் படங்களுக்கு இனி வேலையில்லை, மதினி கண்ணில் பட வேண்டாம், அழித்துவிடுவோம் என்று தோன்றியது. இரண்டு விசையையும் சேர்த்து அழுத்தினேன். மறைந்திருந்தவையெல்லாம் வரிசையாக வந்து நின்றன. புள்ளி வைத்த ‘பழையது’ நான் வைத்த இடத்திலேயே இருந்தது. திறந்தேன்.

படங்களுக்கும் ரிப்போர்ட்டுக்கும் கீழே, நான் வைக்காத ஒரு சின்னக் குறிப்பு இருந்தது. தேதியைப் பார்த்தேன். அது நான் மிச்சத்தை அனுப்பிவிட்டு வந்ததற்கு மறுநாள். அதையும் திறந்தேன்.

‘திறந்து பார்த்தேன். ஈரல் வரை வந்துவிட்டது. என் கையில் இல்லை. மூடிவிட்டேன்.’

ஐந்து மாதம். எங்கள் குசுகுசுப்பையும், கிழித்த மாத்திரை அட்டையையும், என் பொய்யையும் அவர் ஐந்து மாதம் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நாங்கள் அவருக்குத் துணை இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவரைத் தனியாக விட்டுவிட்டோம். ஒரே ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறதா அண்ணாச்சி என்று கேட்டிருக்கலாம். இனி யாரிடம் போய்க் கேட்பது?

மதினி காப்பியோடு வந்தார்கள். நான் திரையை மறைத்தாற்போல் நாற்காலியைத் திருப்பினேன். அவர்கள் திரையைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த ஸ்டீயரிங்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்கள்.

“கண்ண மூடுத வரைக்கும் அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்கள். “அந்த ஒரு ஆறுதல்லதான் இருக்கேன். நீங்க மட்டும் இல்லன்னா மறைச்சிருக்க முடியுமா?”

தெரியும் மதினி, எல்லாம் தெரியும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அண்ணாச்சி அதை யாருக்காக மூடி வைத்தார் என்று நினைத்துப் பார்த்தேன்.

“ஆமா மதினி” என்றேன்.

அழிக்கவில்லை. அவர் எழுத்து இருக்கும் எதையும் எங்கள் வரிசையில் யாரும் எறிந்ததில்லை. இரண்டு விசையையும் மறுபடி அழுத்தினேன். அது மறைந்தது. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.